சுற்றாத தட்டும் நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்களும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், உன் அத்தான் நலம், கம்ப்யூட்டரும் நலம். இந்த மூன்றில் ஒன்று முழுப் பொய், ஒன்று பாதிப் பொய். எது எது என்பது போகப் போகத் தெரியும். நீயும் உன் மனைவியும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அத்தான் பக்கத்தில் வந்து நின்று "யாரு, தம்பியா" என்பார். மெயில் போடலாம் என்றால் அந்தக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும், விஷயமே அதைப் பற்றியது.

கம்ப்யூட்டருக்கு என்று நீ அனுப்பிய எஸ்எஸ்டி, அந்தப் புது நினைவுத் தட்டு, வந்து சேர்ந்தது. முப்பத்திரண்டு வருஷம் லேத் பட்டறையில் நின்றவர் அல்லவா, பார்சலைப் பிரித்ததும் வெர்னியரை எடுத்து நீள அகலம் அளந்தார், காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்தார், "உள்ள ஒண்ணும் சுத்தலையே" என்றார். இது சுற்றாதாம், அதனால்தான் வேகமாம் என்று நீ எழுதியிருந்த சீட்டைப் படித்துக் காட்டினேன். "சுத்தாமலே வேலை நடக்கறதுன்னு உலகத்துல ஒண்ணு உண்டா" என்று கேட்டார். "ஏன், உங்க முதலாளி உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்காமலே பட்டறையை நடத்தலையா" என்றேன். அதற்கு மேல் அந்தத் தட்டின் மீது அவருக்கு ஒரு கோபமே வந்துவிட்டது.

மறுநாள் நான் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பொத்தானை அமுக்கிய கையை எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் திறந்துகொள்கிறது. நான் அசந்துபோய் நிற்கும்போதே உன் அத்தான் சொன்னார்: "எல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா புது மெஷினை எடுத்த எடுப்புல விரட்டக் கூடாது. ஒரு மாசம் பழைய ஃபைல் எதையும் திறக்காத, பழகட்டும்." நானும் நம்பினேன், தம்பி. எட்டு வருஷமாக வாரம் தவறாமல் வாரப் பத்திரிகைக்கு நான் போட்டுக் கொடுத்த குறுக்கெழுத்துப் புதிர்கள், நானூற்றுப் பன்னிரண்டு, அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. அவற்றில் நூறைப் பொறுக்கிப் புத்தகமாகப் போடுவதாக ஆசிரியர் எழுதியிருக்கிறார், அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அப்படியிருந்தும் பழகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றால் என்னை என்ன சொல்ல.

அதற்குப் பிறகு இவருக்கு நடைப் பயிற்சி வந்தது. மூட்டுக்கு நல்லதாம். பத்து மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்கு வருவார், முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது, விரலெல்லாம் பென்சில் கரி. மத்தியானம் நான் கண் அயர்ந்தால் அடுத்த அறையில் 'டக்' என்று ஒரு சத்தம், நாலு மூச்சு விட்டு இன்னொரு 'டக்'. தண்ணீர்க் குழாய் பற்றிப் புகார் எழுதுகிறார் போல என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்து அம்மா போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் கண்ணாடியை மறந்து வச்சிட்டுப் போயிட்டார்" என்றார். "எங்க வீட்டுக்காரரா, அவர் அங்க எதுக்கு வர்றார்" என்றேன். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க, தினமும் ஜன்னல் ஓரமா உக்காந்து பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக் கட்டம் கட்டமா வரையறாரே" என்றார். போனை வைத்துவிட்டு நேரே போய்ப் பழக்கத்தில் இருக்கும் மெஷினைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு இருந்தன. முதலாவதிலேயே, 'வெள்ளைச் சட்டையின் பகைவன், இரண்டு எழுத்து' என்பதற்குக் 'கரை' என்று சின்ன ர போட்டிருக்கிறது. அதனால் நெடுக்கில் வர வேண்டிய 'முறை'யும் 'முரை' ஆகிக் கிடக்கிறது. நான் தூக்கத்தில் போட்டாலும் அப்படிப் போட மாட்டேன்.

கண்ணாடியை வாங்கிவரப் போனபோது கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் கடையிலும் ஏறினேன். அவர் முதலில் மழுப்பினார், அப்புறம் சொல்லிவிட்டார். உன் அத்தான் வீட்டிலேயே தானாகத் தட்டை மாற்றியிருக்கிறார், திருகாணிகளைக்கூட அளவு வாரியாகத் துணியில் வரிசை வைத்துத்தான் கழற்றினாராம். ஆனால் எதிலிருந்து எதற்கு நகல் எடுப்பது என்று திரையில் கேட்டபோது தட்டு ஒன்று, தட்டு இரண்டு என்றுதான் இருந்ததாம். ஒன்று என்றால் பழையதுதானே என்று அமுக்கிவிட்டார். புதிதின் வெறுமை அப்படியே பழையதின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நாலே நிமிஷத்தில் முடிந்ததும் என்ன வேகம் என்று கைதட்டினாராம். "மீட்க முடியாது, புதுத் தட்டுல எல்லாத்தையும் புதுசா ஏத்தித்தான் தர முடியும்னு சொன்னேம்மா. அந்த ஸ்டூல்ல உக்காந்தார், ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்லை. அவ எட்டு வருஷம்யா அதுன்னார்" என்றார் கடைக்காரர்.

கோபப்படலாம் என்றுதான் வீட்டுக்கு நடந்தேன், தம்பி. வந்து அந்த முப்பத்தெட்டையும் படித்தேன். ஓரிடத்தில் நான் 'உறங்கும்போதும் ஊரை எழுப்புபவர், நான்கு எழுத்து' என்று போட்டிருந்தேன், விடை கணவர். அதை அழித்துவிட்டு 'உழைத்த களைப்பில் அயர்ந்து உறங்குபவர்' என்று திருத்தி வைத்திருக்கிறார். எட்டு வருஷத்தில் என் கட்டம் ஒன்றைக்கூட நிரப்பிப் பார்க்காத மனுஷர் இப்போதுதான் வரி வரியாகப் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை டீயை அவரே போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, "பட்டறை மூடின வருஷம் நீ ரொம்பப் பயந்தியா" என்று கேட்டார். "இல்லையே, ஏன்" என்றேன். "சும்மாதான்" என்றார். அவர் போனபிறகு பட்டறை மூடின மாதத்துக் கட்டங்களை எடுத்துப் பார்த்தேன். பூட்டு, இருட்டு, ஒற்றையடி, காத்திருப்பு. நான் அப்படிப் போட்டது எனக்கே தெரியாது.

இப்போது என் சங்கடத்தைக் கேள். ஒரு நகல் தனியாக இருக்கட்டும் அக்கா என்று நீ ஓதிக்கொண்டே இருந்தாயே, மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன் திரையில் இருந்த என் புதிர்ப் பெட்டியை இழுத்து ஒரு பென் டிரைவில் போட்டுப் பொத்தான் டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். அதை எடுத்து நீட்டினால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பென்சில் கரியோடு வரும் மனுஷரிடம், நீங்கள் பட்டதெல்லாம் வீண் என்று எந்த வாயால் சொல்வேன்? அவர் இன்னும் என் முதல் வருஷத்தையே தாண்டவில்லை. சொல்லட்டுமா, நிதானமாக வரட்டும் என்று விடட்டுமா? யோசித்து எழுது. அவரிடம் மூச்சு விடாதே.

உன் வீட்டில் நோய் நொடி அண்டாமல், உன் இயந்திரங்களெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு நடக்கட்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா

பி.கு.: யோசனை ஒன்றும் எழுத வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். உள்ளே என் புதிர்ப் பெட்டியின் படம் ஒன்று இருந்தது, மூலையில் குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறியோடு. அழுத்தினால் அப்படி ஓர் இடமே இல்லை என்கிறது. நான் வீட்டை எடுத்து வைக்கவில்லை, வீட்டுக்கு வழி காட்டும் பலகையை எடுத்து வைத்திருக்கிறேன். உன் அத்தான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "நானும் வரேன்" என்றேன். "மூட்டு வலியா" என்றார். "ஆமா" என்றேன். பூங்கா வரை நடந்தோம். அதைத் தாண்டியதும் "தப்பு பண்ணிட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "நானும்தான்" என்றேன். இதை நூலகத்தில் இருந்துதான் எழுதுகிறேன். நான் படிக்கப் படிக்க அவர் எழுதுகிறார்; சத்தம் போடக் கூடாது என்று அந்த அம்மா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்.