ஒகினாவாவின் மேட்டுப்பக்கம்

பசறையிலிருந்து தெமோதரை வரை எத்தனையோ பேர் என்னை எரிச்சல்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் என் வயிற்றெரிச்சலை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவர் ஒகினாவா ஒருவர்தான்.

அது பட்டப்பெயர். ஆள் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். கராத்தே பிறந்தது ஒகினாவா என்ற சின்னத் தீவில்தான் என்பதை யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொல்லுவார். விபூதி கொடுக்க வந்த கோவில் பூசாரிக்கும் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டார். முழங்காலை மடக்கி, பாதங்களை உள்ளே திருப்பி, கராத்தே நிலையில் நிற்பார்.

"அண்ணே, வளைவு வருது, புடிச்சுக்கங்க" என்பார் கண்டக்டர்.

"அந்தத் தீவுக்காரன் தோணியில எதப் புடிச்சிக்கிட்டு நின்னான்? நீங்க டிக்கெட்டக் குடுங்க தம்பி."

பசறை ரோட்டின் அத்தனை வளைவுகளிலும் அசையாமல் நின்றுவிட்டு, பஸ் நின்றபிறகு இறங்கும்போது விழுவார்.

நானோ பதுளை டவுனில் முறையான கராத்தே மாஸ்டர். வாடகை மண்டபம், சனிக்கிழமை வகுப்பு, அலமாரி நிறைய வெற்றிக் கோப்பைகள். அவருக்கு இருந்தது தோட்டத்துப் பெரட்டுக்களம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தச் சரிவான மண் தரையில், ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு. ஆறு வயதுப் பிள்ளை முதல் ஓய்வுபெற்ற கங்காணி வரை வரிசையில் நிற்பார்கள். பால்மா டின்னில் சீமெந்து ஊற்றிக் கம்பு செருகியதுதான் எடைக்கல். மணல் நிரப்பிய அச்சாறு ஜாடியை விரல்நுனியால் கவ்வித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆளுக்கு இரண்டு ஜாடியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பார்கள். நானும் வீட்டில் தனியாக முயன்று பார்த்தேன். ஜாடி உடைந்தது.

என் மாணவர்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பரமேஸ்வரியும் கிளம்பினாள்.

"ஒம்பது வருசமா என் கிளாசுக்கு ஒரு நாளாச்சும் வந்தியா?"

"நீங்க கூப்புடலையே. அவரு கூப்பிட்டாரு" என்றாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டே.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

அந்த வருடம் ஒகினாவாவிலிருந்தே ஒரு முதிய ஆசான் பதுளைக்கு வந்தார், கராத்தே இடுப்புப் பட்டிக்கான தேர்வு நடத்த. பெரட்டுக்களக் கூட்டமும் தேர்வுக்கு வந்திறங்கியது. இவர்கள் தோற்றால் பரமேஸ்வரி என் வகுப்புக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். கோவிலில் ஒரு தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன்.

சாமி கேட்டுவிட்டார். ஒகினாவாவுக்கு வலது, இடது என்று கட்டளையிட்டுப் பழக்கமில்லை. "மேட்டுக்குத் திரும்பு, பள்ளத்துக்குத் திரும்பு" என்றுதான் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். டவுன் மண்டபமோ வழவழவென்ற சமதரை. "மேட்டுக்குத் திரும்பு" என்று குரல் கொடுத்ததும் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள், மீதிப்பேர் கக்கூஸ் பக்கம். கங்காணியின் நெற்றியும் பரமேஸ்வரியின் நெற்றியும் மோதின. முதலில் சிரித்தது நான்தான். மண்டபமே சேர்ந்துகொண்டது. நெற்றியைத் தடவியபடி பரமேஸ்வரி என்னை மட்டும் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆசான் முன்னால் போய்க் குனிந்து வணங்கினார் ஒகினாவா. "தப்பு இவங்க மேல இல்லீங்க. இங்க மேடே இல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ, ஆசான் எழுந்து வேனில் ஏறிவிட்டார். அன்று மத்தியானமே எல்லோரும் பெரட்டுக்களத்தில் இருந்தோம். அங்கே அதே கட்டளைக்கு அத்தனை பேரும் ஒரே உடம்பாகத் திரும்பினார்கள். பரமேஸ்வரியின் காலடியில் ஒரு கல்கூட உருளவில்லை. இப்படி ஒரு பெண்ணுடனா ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தினேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஆசான் என் பக்கம் கைகாட்டினார். நீங்களும் செய்யுங்கள் என்று அர்த்தம். கோப்பைகளையெல்லாம் மனதில் நினைத்துக்கொண்டு ஓங்கி ஒரு உதை விட்டேன். அடுத்த நிமிடம் கீழே தேயிலைச் செடிக்குள் கிடந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒகினாவா சிரிக்க விடவில்லை. அவரே இறங்கி வந்து கை கொடுத்தார்.

"நானும் மொத வருசம் இதே செடிக்குள்ளதான் கெடந்தேன் மாஸ்டர். ஞாயித்துக்கெழம வாங்க."

என்னையும் கூப்பிட்டுவிட்டார்.

இப்போது போகிறேன், பரமேஸ்வரியோடு. வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவருக்கு வைக்கும் வணக்கத்தை அவள் எனக்கு வைப்பதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் களத்தில் சமதரையாக இருப்பது ஓர் இடம்தான், ஒரு ஆள் நிற்கும் அளவு. நாங்கள் போகும்போதெல்லாம் அங்கே ஒரு கொழுந்துச் சாக்கு விரித்திருக்கும். யாராவது கால் வைத்தால் ஒகினாவா விரட்டுவார்: "தள்ளுங்க, அது நம்ம மாஸ்டர் நிக்கிற எடம்."