தாடை விசாரணை

அன்புள்ள மைத்துனருக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே அனைவரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். தங்கள் அக்கா ஒன்பது நாளாக அங்கேயே தங்கியிருப்பதிலிருந்து அது தெரிகிறது. என் சௌக்கியத்தைப் பற்றித்தான் என்னைவிட ஊராருக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. அது எப்படி என்று கேட்கவே இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை, கடைவாய்ப்பல்லில் அடைத்தது விழுந்துவிட்டதே என்று பல் டாக்டரிடம் போனேன். பல்லைப் பார்க்கவேண்டியதுதானே அந்த மனுஷன்? இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டு, "வாயைத் திறங்க, மூடுங்க" என்றார். திறந்தேன். கடக்கென்று ஒரு சத்தம். உடனே விசாரணை ஆரம்பமாகிவிட்டது. காலையில எழுந்தா தாடை வலிக்குதா? பொட்டுல தலைவலி வருமா? காதுக்குள்ள இரையுதா? கொட்டாவி விட்டா வாய் மாட்டிக்குதா? பல்லை நறநறன்னு கடிப்பீங்களா? வீட்ல ஏதாவது மனக்கவலையா? முப்பது வருஷம் தேர்வு அறைகளுக்குப் பறக்கும் படையாகப் போய், காலுறைக்குள்ளிருந்து பிட்டு எடுத்தவன் நான். கேள்வித்தாள் எங்கேயோ வெளியாகியிருக்கிறது என்று சட்டென்று பொறி தட்டிவிட்டது. பல்லுக்கும் வீட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? எல்லாத்துக்கும் இல்லை, இல்லைன்னு சொல்லிட்டேன். எல்லாமே இருக்கு, அது வேற விஷயம். "வாய்க்குள்ள மூணு விரல் நுழையணும் சார், உங்களுக்கு ரெண்டுதான் நுழையுது" என்றார். ரெண்டுக்கு இடம் கொடுத்ததே என் பெருந்தன்மை.

வெளியே வந்தால், சீட்டு எழுதுகிற பெண் சிரிச்சுக்கிட்டே, "அம்மாவுக்கு இப்ப பரவாயில்லையா சார்?"ங்கறா. எந்த அம்மா? எதுக்குப் பரவாயில்லை? உன் அக்கா எப்போ இங்க வந்தா? வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாம அலமாரியைத் துழாவினேன். மடிச்ச துணிக்கு நடுவுல, நாலா மடிச்சு ஒரு படிவம். அதே டாக்டர், அதே கேள்விங்க, உன் அக்கா கையெழுத்து. தாடை வலி? ஆம். தலைவலி? ஆம். காது இரைச்சல்? ஆம். மெல்லும்போது சத்தம்? ஆம். கட்டின புருஷனைப் பத்தி ஒண்ணுவிடாம எழுதிக் கொடுத்திருக்கா மச்சான்! இத்தனை வருஷமா எதிர்ல உட்கார்ந்து, நான் மெல்லுறதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கா!

இப்ப எல்லாம் புரியுது. ரெண்டு மாசமா ரொட்டியை ஏன் பாலில் ஊறப்போட்டா? ஆப்பிளை ஏன் வேகவெச்சா? எனக்குத் தெரியாம எனக்கே வைத்தியம்! எதைக் கேட்டாலும் ஒரே எழுத்துல பதில். யார் போன்ல? ம். எங்க போயிட்டு வர்ற? ம். ஏன் ம்-னே சொல்றேன்னு கேட்ட அன்னைக்குத்தான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தா. நீயும் கூட்டு. "அக்கா கொஞ்ச நாள் இருக்கட்டும் அத்தான்"ங்கற. கொஞ்ச நாள்னா எத்தனை நாள்டா? வீடு வெறிச்சோடிக் கிடக்கு. சொல்ல வெட்கமா இருக்கு, ஆனாலும் சொல்றேன். அவ திரும்பி வராமலே இருந்துடுவாளோன்னு பயமா இருக்கு. அடுத்த வாரத்துக்குள்ள அனுப்பி வை. என் தாடையைப் பத்தி இனி வெளியில பேசமாட்டேன்னு எழுதி, அவகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு, அவங்களுக்கும் இதுல பங்கு இல்லைன்னா.

இப்படிக்கு,
கண்காணிக்கப்படும் உன் அத்தான்

பின்குறிப்பு: ஆதாரத்தையும் கூடவே வெச்சு அனுப்பலாம்னு படிவத்தை மறுபடி எடுத்தேன். விடைத்தாளில் பெயரைப் பார்க்காமலே பழகின கண்ணு, மேல் பாதியை முதல்ல பார்க்கவே இல்லை. நோயாளி பெயர்ங்கற இடத்துல அவ பெயர். வயசும் அவ வயசு. பின்பக்கத்துல, "வலி எப்போது அதிகமாகிறது?"ங்கற கேள்விக்கு, "அவர் கேள்வி கேட்கும்போது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவேன்"னு எழுதியிருக்கா. கீழே டாக்டர், பேச்சைக் குறைத்து, அமைதியான இடத்தில் சில நாள் இருக்கச் சொல்லியிருக்கார். மச்சான், மேலே எழுதினதை அவகிட்ட காட்டிடாதே. கடிக்கிற மாதிரி எதுவும் கொடுக்காதே, எல்லாம் குழைய வேகவெச்சுக் கொடு. அவசரமா வரவேண்டாம், நல்லா ஓய்வெடுக்கட்டும். இதுக்குக் கீழே "எப்போ வருவா?"ன்னு எழுதி, அடிச்சுட்டேன். அடிச்ச கோட்டுக்கு நடுவுல தெரிஞ்சாலும் படிக்காதே. நான் ஒண்ணும் கேட்கலை.