பிரான்சில் சயிக்கிள் ஓடிய குற்றத்துக்கு விளக்கம்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
28.09.1986

பெருமதிப்புக்குரிய மாமா அவர்கட்கு, மருமகன் சண்முகநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் நலம் என்றுதான் வழமையாகத் தொடங்குவேன். சென்ற முறை அப்படி எழுதியதால் வந்த வில்லங்கத்தை நினைத்து, இம்முறை அவ்வளவு நலமில்லை என்றே தொடங்குகிறேன். தாங்களும் மாமியும் தவமணியும் பிள்ளை ஜெயமலரும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்பார்.

தங்கள் கடிதம் இருபத்துமூன்று நாள் பயணம் செய்து நேற்றுத்தான் வந்தது. முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவர் என்ற முறையில், மூடாத தபாலட்டையை யாரும் வாசிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். தவமணிக்கு நான் போட்ட அட்டையில் கனடா முத்திரைக்குப் பதிலாக பிரெஞ்சு முத்திரை இருந்ததையும், படத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு வெறும் றோட்டு கிடந்ததையும், பின்பக்கம் “சயிக்கிளில் வந்தேன், சுகமாயிருக்கிறேன்” என்று என் கையெழுத்து இருந்ததையும் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு தாங்கள் எழுதியதை இரண்டாந்தரம் வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. “தம்பி, நீர் அங்கை உழைக்கிறீர் எண்டு இருந்தம். நீர் பிரான்சிலை சயிக்கிளோடித் திரியிறீர். ஊர் சுத்திறவரை நம்பி நான் என்ரை பிள்ளையை அனுப்பேலாது.” மாமா, நவம்பர் பதினாலாந் திகதி கொழும்பில் தவமணிக்கும் பிள்ளைக்கும் விசா நேர்முகம். தாங்கள் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவர்கள் போக வழியில்லை. அது தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் எத்தனை வருடமோ தெரியாது. பிள்ளையை நான் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு மூன்று வயது. ஆகையால் ஒன்றும் ஒளிக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் இக்னேசியஸ் அண்ணைதான் என்னை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அது ஒரு சயிக்கிள் சுற்றுலாக் கொம்பனி. முதலாளி றொபேட் என்னைப் பார்த்து, சயிக்கிளில் அனுபவம் உண்டா என்று கேட்டான். பன்னிரண்டு வருடம், மழை வெயில் பாராமல், நாளுக்குப் பன்னிரண்டு மைல் என்றேன். நான் சொன்னது சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகத்துக்குப் போய்வந்த கணக்கு. அவன் என்னை ஏதோ பந்தயக்காரன் என்று எடுத்துவிட்டான் போலிருக்கிறது. திருத்த வேலை தெரியுமா என்றான். எங்கள் பக்கத்தில் ரியூப் ஒட்டத் தெரியாத ஆம்பிளை யார் மாமா? அன்றைக்கே நிலவறையில் வேலை தந்தான்.

இந்தக் கொம்பனியின் தொழில் என்னவென்றால், கார் பஸ் ஓடாத, சத்தஞ் சந்தடியில்லாத றோட்டாகத் தேடிப் பிடித்து, வசதியான ஆட்களை அதில் சயிக்கிளோட வைப்பது. பிரான்சின் நாட்டுப்புறத்தில் அப்படியான றோட்டு தாராளமாம். “ஏன் அந்த றோட்டிலை ஒருத்தரும் இல்லை? அங்கை என்ன நடந்தது?” என்று றொபேட்டிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, “ஒண்டும் நடக்கேல்லை சண். அதுதான் விசேஷம்” என்று இங்கிலீசில் சொன்னான். எனக்கு விளங்கவில்லை. ஜூன் மாதம் வழமையாகப் போகிற திருத்துனர் காலை முறித்துக்கொண்டு படுக்க, பத்து நாளுக்கு என்னை அனுப்பினான். பன்னிரண்டு பேர், எல்லாரும் ஐம்பது தாண்டிய ரொறன்ரோ ஆட்கள். றொபேட் வானில் பெட்டிகளோடு முன்னுக்குப் போய்விடுவான். அன்ரனெற் என்ற இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் வரைபடத்தோடு முதலாவதாகப் போவா. நான் கடைசி. எனக்குப் பின்னால் ஒருவரும் விடுபட்டுப் போகக்கூடாது, அதுதான் என் உத்தியோகம். ஆக, அது உல்லாசப் பயணம் இல்லை மாமா.

முதலாம் நாள் ஏழு மைல் போயும் ஒரு வாகனம் இல்லை. ஒரு லொறி இல்லை, ஒரு மாட்டுவண்டி இல்லை, கடைக்குப் போகிற ஒரு மனுசிகூட இல்லை. காலை பத்து மணிக்கு றோட்டு வெறிச்சோடிக் கிடந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று தங்களுக்குத் தெரியும். பக்கத்துச் சந்து ஒழுங்கைக்குள் இறங்கி, சயிக்கிளை வேலியில் சாத்திப்போட்டு, யாரோ ஒருவரின் வீட்டுக்குள் போய், ஆமியின் சுற்றிவளைப்பு எந்தப் பக்கம் என்று விசாரிப்போம். அங்கே ஒழுங்கையும் இல்லை, வேலியும் இல்லை. நான் விசிலை ஊதினேன். விசில் கேட்டால் நிற்கவேண்டும் என்பது கொம்பனி ஒழுங்கு, ஆகவே எல்லாரும் நின்றார்கள். முன்னுக்கு ஆமி நிற்கும் போலிருக்கிறது, திரும்பிப் போவோம் என்றேன். எந்த நாட்டு ஆமி என்று ஒரு பல் வைத்தியர் கேட்டார். நான் இன்னொருக்கால் விசிலை ஊதி, எல்லாரையும் ஏறி ஓடச் சொன்னேன்.

இரண்டாம் நாள் ஒரு சந்தியில் உண்மையாகவே யூனிபோம் போட்ட இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். நின்று செரிப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் என் கால் என்னைக் கேட்காமலே நிலத்தில் ஊன்றிவிட்டது. “இறங்குங்கோ, தொப்பியைக் கழட்டுங்கோ, உருட்டிக்கொண்டு போங்கோ” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கத்தினேன். பன்னிரண்டு பேரும் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக, நிலத்தைப் பார்த்தபடி உருட்டினார்கள். கடைசியில் நான், பாஸ்போட்டைத் தூக்கிப் பிடித்தபடி. பொலிஸ்காரர் பழத்தை விழுங்கிப்போட்டு எங்களுக்கு சலூட் அடித்தார்கள். அது அந்த நாட்டுச் சட்டம் என்று என் ஆட்கள் நம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு தொப்பி போட்ட தபால்காரனைக் கண்டாலும் இறங்கி நடந்தார்கள். தபால் சேவைக்கு அப்படியொரு மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை. தாங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நாலாம் நாள்தான் பெரிய அவமானம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஊருக்குள் போனோம். கதவெல்லாம் சாத்திக் கிடக்குது. பாண் சுடுகிற கடை பூட்டு. ஒரு வாசலில் கதிரை, கதிரையில் விரித்தபடி பேப்பர், ஆளைக் காணவில்லை. நாய்கூட இல்லை. நான் விசிலை வாயில் வைக்கிறேன், அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்கக் கேட்கச் சங்கு ஊதத் தொடங்கிச்சுது. “படுங்கோ!” எண்டு தமிழிலை கத்திப்போட்டன் மாமா. தமிழ் தெரியாத பன்னிரண்டு பேரும் சயிக்கிளைப் போட்டிட்டு வாய்க்காலுக்குள்ளை விழுந்து படுத்திட்டினம். வாய்க்கால் முழுக்க எங்கட காஞ்சோண்டி மாதிரி, பட்டால் கடிக்கிற ஒரு செடி. முழங்கை, முழங்கால் எல்லாம் தடித்துவிட்டது, ஆனால் ஒருவரும் மூச்சு விடவில்லை.

எனக்குப் பக்கத்தில் அன்ரனெற் படுத்திருந்தா. “சண், என்னத்துக்கு ஒளிக்கிறம்?” என்று கேட்டா. நான் வானத்தைப் பார்த்தேன். “சங்கு நிண்டால் என்ன வரும்?” என்றா. “ஹெலி வரும், மேலை நிண்டு சுட” என்றேன். “வந்தால் என்ன செய்யிறனீங்கள்?” “பிள்ளைக்குக் காதைப் பொத்தவேணும்.” நான் சொன்னது அவ்வளவுதான். அந்த அறுபத்தேழு வயது மனுசி தன்ரை இரண்டு கையாலையும் என்ரை காதைப் பொத்திக்கொண்டு, சங்கு நிற்கும் மட்டும் கிடந்தா. நான் அழுதனான். ஒளிக்காமல் எழுதுகிறேன் என்றுதானே சொன்னேன்.

பிறகு மேல்வீட்டு யன்னலைத் திறந்து ஒரு கிழவி சூப்புக் கரண்டியோடு எட்டிப் பார்த்தா. அன்ரனெற்றுக்குப் பிரெஞ்சு தெரியும். மாதத்துக்கு ஒருக்கால் தீயணைக்கிற ஆட்கள் சங்கு வேலை செய்யுதோ என்று ஊதிப் பார்ப்பினமாம். சனம் எங்கே என்று கேட்டால், சாப்பிடுதாம். மத்தியானமெண்டால் கடையைப் பூட்டி, கதவைச் சாத்தி, ஒரு ஊரே உள்ளுக்கிருந்து இரண்டு மணித்தியாலம் சாப்பிடுது மாமா! கிழவி கீழே வந்து தடிப்புக்கு வினாகிரி பூசிவிட்டு, எங்கள் எல்லாருக்கும் சூப்பும் தந்தா. அந்த ஊர்க் கடையில்தான், இரண்டு மணிக்குத் திறந்த பிறகு, தவமணிக்கு அந்த அட்டையை வாங்கினேன். வாய்க்காலுக்குள் படுத்தேன் என்று எழுதினால் அவள் பயப்படுவாள். சுகமாயிருக்கிறேன் என்று எழுதினேன். தாங்கள் குற்றம் கண்டுபிடித்த சுகம் இதுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஹெலி சுத்திற ஊரிலை என்ரை பிள்ளையை வைச்சுக்கொண்டு, ஊர் சுத்திற மருமகனுக்கோ மாமா பயப்பிடுறியள்?

அந்தப் பத்து நாளில் ஒரு கணமும் நான் சந்தோசமாக இருக்கவில்லை, இது சத்தியம். இனி சயிக்கிளில் ஏறமாட்டேன், நிலவறை வேலை மட்டும் போதும் என்று றொபேட்டிடம் சொல்லிவிட்டேன். இங்கே மல்வேர்ன் பக்கம் இரண்டு அறையுள்ள வீடும் பார்த்து வைத்திருக்கிறேன். ஊர் சுற்றாத, பொறுப்புள்ள ஒரு மனிதனிடம் தங்கள் மகளை அனுப்புகிறீர்கள் என்று முழுமனதோடு நம்பலாம்.

மாமியின் முழங்கால் நோவுக்கு எண்ணெய் அனுப்புகிறேன். தவமணிக்கு என் அன்பு. பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிடவும். தங்கள் ஆசியை வேண்டி நிற்கும்,

மருமகன்,
சண்முகநாதன்.

பி.கு: ஒட்டின கடிதத்தைத் திருப்பிப் பிரிச்சு இதை எழுதிறன். நான் வாசிச்சுக் காட்ட இக்னேசியஸ் அண்ணை, “சத்தியம் பண்ணின இடத்திலை மட்டும் பொய் எழுதியிருக்கிறாய்” எண்டார். உண்மைதான். கடைசி நாள் காத்தடிக்கிற பம்மை முந்தி நிண்ட ஊரிலை விட்டிட்டு வந்திட்டம் எண்டு என்னைத் தனியத் திருப்பி அனுப்பினவங்கள். ஒன்பது மைல். இரண்டு பக்கமும் சூரியகாந்தித் தோட்டம், முன்னுக்கும் ஒருத்தரில்லை, பின்னுக்கும் ஒருத்தரில்லை. முதல் நாலு மைலும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனன். பிறகு பாத்தால், நான் திரும்பிப் பாக்கிறதை எங்கையோ விட்டிட்டன் மாமா. இரண்டு கையையும் விட்டு ஓடினன். தேவாரத்திலை தொடங்கி, தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடினன். நாப்பத்தொரு வயசிலை. அட்டையிலை எழுதினது எழுதின அண்டைக்குப் பொய், கடைசி நாள் உண்மையாப் போச்சு. வாற ஜூனும் போறியோ எண்டு றொபேட் கேட்டவன், ஓம் எண்டிட்டன். பிள்ளைக்கும் ஒரு சின்னச் சயிக்கிள் வாங்கி, கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறன். என்னை எவ்வளவு வேணுமெண்டாலும் பேசுங்கோ, பதினாலாந் திகதி மட்டும் அவையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆளில்லாத றோட்டிலை அவள் ஒருக்கால் ஓடிப் பாக்கவேணும். பயப்பிடாதையுங்கோ, பின்னாலை நான் வருவன். கடைசி ஆளாய் வாறதுதானே என்ரை உத்தியோகம்.