ரெண்டு வருஷத்துச் சாணி

மாட்டு வயிற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள் நான். மாடு என்றால் எனக்குப் பயம் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி, நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வேடு. பிறந்த கன்றின் குடலில் பாக்டீரியா அவ்வளவாக இருக்காது. தாய் நக்குவதிலிருந்தும் மடியிலிருந்தும் தரையிலிருந்தும் வந்து சேரும். பால் குடிக்கும்வரை ஒரு கூட்டம், புல் தின்னத் தொடங்கியதும் வேறு கூட்டம். இந்த மாற்றத்தைச் சாணியை வைத்துக் காட்ட வேண்டும். தேறினால் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை தயாராக இருந்தது. தேறாவிட்டால் அதுவும் போச்சு.

வேடசந்தூர்ப் பக்கம் அப்பாவின் தங்கை ரோசலி அத்தை வீட்டில், அந்த வாரம் பிறந்த கன்றிலிருந்து சினைமாடுவரை எல்லா வயதிலும் உருப்படி இருந்தது. போனேன். தொழுவத்துக்குள் அல்ல, அதன் வாசல்வரை. ஒரு பசு என்னைத் திரும்பிப் பார்த்தது. அதோடு என் களப்பணி முடிந்தது.

உப்புத் தண்ணீர் ஊற்றிய நான்கு சின்ன பாட்டில்களை அத்தையிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தேன்: மூணு நாள், ஒரு மாசம், ஆறு மாசம், ரெண்டு வருஷம்.

"சாணிதான் அத்தை. புளியங்கொட்டை அளவு போதும். எழுதியிருக்கது மட்டும் மாறிடக் கூடாது."

அத்தை பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வருஷத்துது கொஞ்சம் செரமந்தேன். பாக்குறேன்."

"எப்படியாவது எடுத்துருங்க அத்தை" என்றேன். (பெரிய மாடு உதைக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.)

இரண்டு நாளில் அத்தையே பாட்டில்களோடு வந்து இறங்கினார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. (அம்புட்டுப் பெரிய விஞ்ஞானி.)

சோதித்தால், மூணு நாள் பாட்டிலில் பாக்டீரியா திருவிழாக் கூட்டம். ஒரு மாசத்தில் கூட்டம் குறைந்திருந்தது. ஆறு மாசத்தில் பாதிப்பேர் கடையைக் கட்டியிருந்தார்கள். ரெண்டு வருஷத்தில் குடல் பாக்டீரியா ஒன்றுகூட இல்லை, வெறும் மண் பூஞ்சை. புத்தகங்களில் எல்லாம் வேறு மாதிரி இருந்தது. புத்தகங்கள்தான் தப்பு என்று முடிவுகட்டி, 'மாடு வளர வளர அதன் குடல் தூய்மை அடைகிறது' என்று நாற்பது பக்கம் எழுதினேன்.

கல்லூரியில் அதை வாசித்துக்காட்டும் நாளும் வந்தது. கடைசி வரிசையில் அப்பா, அம்மா, புதுச் சின்னாளப்பட்டிச் சேலையில் அத்தை.

பேராசிரியர் மெதுவாகத் தொடங்கினார். "ரெண்டு வயசு மாட்டுக் குடல்ல ஒண்ணுமே இல்லைங்கிற. அப்ப வைக்கோலை யாரும்மா செரிக்க வைக்கிறது?"

"அதுவே செரிச்சுக்கும் சார்."

"மண் பூஞ்சை எப்படி வந்துச்சு?"

"மேயும்போது மண்ணும் சேந்து போயிருக்கும் சார்."

"சாணி எடுக்கும்போது நீ பக்கத்துல இருந்தியா?"

"எங்க அத்தைதான் எடுத்தாங்க சார். அனுபவசாலி" என்று பெருமையாகக் கை நீட்டினேன்.

அத்தை எழுந்து நின்றார். "ஆமாய்யா. மூணு நாள் சாணி வறட்டி தட்ட அள்ளி வச்சிருந்ததுல எடுத்தேன். ஒரு மாசத்துது குப்பைக்குழில மேலாக்கக் கெடந்துச்சு. ஆறு மாசத்துதுக்கு முழங்காலளவு தோண்டுனேன். இந்த ரெண்டு வருஷத்துதுக்குத்தான்யா, இடுப்பளவு தோண்டிக் கையெல்லாம் கொப்புளமாப் போச்சு."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது மாட்டோட வயசு இல்லம்மா. சாணியோட வயசு."

முதலில் சிரித்தது என் அப்பா. அப்புறம் அந்த அறையே சிரித்தது.

வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, நாந்தேன் தப்புப் பண்ணிட்டேனா? மக்குன சாணிதான வெள்ளாமைக்கு நல்லது. எருவுக்குத்தான் நீ படிக்கிறன்னு நெனச்சேன்." அந்தக் கையில் கொப்புளத் தழும்பு இன்னும் மறையவில்லை. நான் தொழுவத்துக்குள் பத்தடி போகாததற்கு அவர் இடுப்பளவு குழி தோண்டியிருக்கிறார். உள்ளே சிரித்தவர்களைவிட அதுதான் என்னை அதிகமாகக் கூச வைத்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆறு மாதம் அவகாசம் கிடைத்தது. அதற்குள் டீச்சர் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. இந்த முறை நானே உள்ளே போனேன். அத்தை கன்றைப் பிடித்துக்கொள்ள, நான் வாலுக்குப் பின்னால் பாட்டிலோடு நின்றேன். கன்று பாட்டிலை விட்டுவிட்டு என் கையில் போட்டது. சுடச்சுட, மஞ்சளாக, சந்தேகமில்லாமல் மூன்று நாள் கன்றுடையது. முடிவுகள் புத்தகத்தோடு அப்படியே பொருந்தின. புத்தகங்களை மன்னித்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் யாராவது யாருடைய வயதையாவது கேட்டால் இன்றும் ஒரு வசனம் வரும். அது பிறந்தது என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. "பொண்ணுக்கு வயசு என்ன?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது:

"எதோட வயசுன்னு மொதல்ல தெளிவாக் கேட்டுக்கண்ணே. இன்னொருக்கா என்னால தோண்ட முடியாது."