ஓடக்காரன் மகளுக்காக வாதாடுவோர்

வாசகரே, ஞாயிறு மாலைகளில் தாம்பரம் நிலையத்தருகே தேநீர் அருந்தச் சென்றால் ஓர் இனத்தாரைக் காண்பீர்கள்: மாயப் புதினங்களின் அரச குலங்களைத் தம் வீட்டுப் பட்டாவினும் கருத்தாகப் பாதுகாக்கும் இரசிகர்கள். இவர்களிடம் சொந்தக் கொள்ளுப்பாட்டன் பெயரைக் கேளுங்கள், தலையைச் சொறிவார்கள். தீயரசர் குலத்தைக் கேளுங்கள். தேநீர் ஆறும்வரை தலைமுறை தலைமுறையாக ஒப்பிப்பார்கள்.

இவ்வினத்துள் உயர்ந்த வகை ஒன்றுண்டு. மந்திரம் குருதிவழி வருவதன்று என வாதிடும் வகை. மாடம்பாக்கத்துப் பழைய நிலக்காரக் குடும்பத்தின் ஹேமநாத் அவ்வகை.

அவன் போற்றும் ஒன்பது பாகப் புதினத்தில், ஓடக்காரன் மகள் ஒருத்தி விரல் பொசுங்கப் பொசுங்கப் பயின்று நெருப்பை ஏவக் கற்கிறாள். கடைசிப் பாகத்தில் ஆசிரியர் அவளைத் தொலைந்துபோன இளவரசி ஆக்கிவிட்டார். பொறுப்பானா ஹேமநாத்?

"கைய சுட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டது அவ. பேரு ராஜா ரத்தத்துக்கா?" என்று மேசையைத் தட்டுவான், வடைத் தட்டு துள்ளும். எதிர்ப்போரைக் கற்காலத்தவர் என்பான். சினந்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவான். யாரும் அழைக்காமலே திரும்புவான்.

அவனுக்கு அனைவரினும் மிகுதியாகக் கைதட்டியவன் பெருங்களத்தூர் விக்கி. ஒருநாள் அவன் ஹேமநாத்தின் வீட்டுக்கே வந்தான். தானும் ஹேமநாத்தின் தங்கை ஜெயப்ரியாவும் மணம்புரிய விரும்புவதாகவும், அவள் தந்தை மகன் சொல்லையே கேட்பார் என்பதால் ஒரு சொல் சொல்லவேண்டும் என்றும் வேண்டினான்.

ஹேமநாத் அவனைத் தழுவிக்கொண்டான். காபி கொண்டுவரச் சொன்னான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"மச்சான், நான் இதெல்லாம் பாக்கறவன் இல்ல. சும்மா கேக்கறேன். உங்களுக்குக் குலதெய்வம் எந்த ஊர்ல?"

பக்தியால் எழுந்த வினா என்றா எண்ணுகிறீர்கள்? நம் பக்கத்தில் அதற்கு விடை சொல்பவன், தெய்வத்தோடு தன் சாதியையும் சொல்லிவிடுகிறான்.

விக்கி சொன்னான்.

"ஓ" என்றான் ஹேமநாத். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இரத்த அழுத்தம் வேறு, கொஞ்ச காலம் போகட்டும் என்றெல்லாம் இழுத்தான்.

காபியோடு வந்த ஜெயப்ரியா இரண்டு தம்ளர்களையும் விக்கியின் முன்னே வைத்தாள். "அந்தக் கடைசி பாகத்த எழுதினது நீதானாண்ணா? அப்பாகிட்ட நானே பேசிக்கறேன்."

பேசினாள். தந்தையும் அதே வினாவைத்தான் கேட்டார். 'சும்மா' என்று மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு நேர்மை. நாள் குறிக்க நீங்கள் வருகிறீர்களா, நாங்களே குறித்துக்கொள்ளவா என்று அவள் கேட்டிருக்கிறாள். வீடு இன்னும் விடை சொல்லவில்லை. ஹேமநாத் மட்டும் ஞாயிறு தவறாமல் ஓடக்காரன் மகளுக்காகத் தொண்டை வறள வாதாடுகிறான்.

நகைக்கிறீர்களா? நன்றாக நகையுங்கள். விக்கி எந்த ஊர்த் தெய்வத்தைச் சொன்னான் என்பதை நான் எழுதவில்லை. அதைத்தானே அப்போதிருந்து ஒவ்வொரு வரியிலும் தேடிக்கொண்டு வருகிறீர்கள்?

சும்மாதான் கேட்கிறேன்.