ஒரே படகுக்குச் சிவப்புக் குறி

அன்பும் மரியாதையுமாக நான் வணங்கும் மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன், அப்படியே நம்பிவிட வேண்டாம். அங்கு நீங்களும் அக்காவும் நலமா? உங்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்த எங்கள் பிள்ளைத்தாச்சி மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, கால் வீக்கம் வடிந்ததா? இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை வீட்டுக்காரனாக எழுதுவதா, இருபத்திரண்டு வருடம் உங்களுக்குக் கீழே வேலை பார்த்த லிஃப்ட் இன்ஸ்பெக்டராக எழுதுவதா என்று குழம்பி மூன்று தாளைக் கிழித்தாயிற்று. மீதி இருப்பது இரண்டே தாள், ஆகவே இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதுகிறேன்.

இந்தப் பண்பாட்டுச் சுற்றுலா யார் ஏற்பாடு என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடம் பாட்டு டீச்சராக இருந்தவள், மழைக்காட்டு ஆற்றில் பெண்கள் துடுப்புப் போட்டுக்கொண்டே பாடுவதைக் காதால் கேட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். ஆறு எத்தனை அடி ஆழம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பாம்பு கடித்தால் யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், இவ்வளவுதான். பத்தே நாளில் திரும்பிவிடலாம், பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடலாம் என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டாள். விமானம், பஸ், அப்புறம் மோட்டார் படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒன்றரை நாள். படகுக்குள் என் செருப்பு நனையும் அளவுக்குத் தண்ணீர், அதில் காலை வைத்துக்கொண்டு உங்கள் தங்கை பாட்டுக்குத் தாளம் போடுகிறாள், நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இங்கே கழிகளின் மேல் நிற்கும் மரவீடு, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மழை நிற்பதும் இல்லை.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் வாசித்து முடித்த பிறகு திட்டுங்கள். மூன்றாம் நாள் காலையில் உங்கள் தங்கையும் ஊராரும் பாட்டுக் கேட்கப் போயிருந்தார்கள், எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, நாங்கள் வந்த படகு கரையில் கட்டியிருந்தது, அதைச் சுற்றிப் பார்த்தேன். எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகை இல்லை. கயிறு நைந்திருக்கிறது. அடிப்பலகையில் ஒரு ஓட்டையைத் தகர டப்பாவை வெட்டி அடைத்திருக்கிறார்கள். பையில் என் சிவப்பு மெழுகுக் குச்சி இருந்தது. அதை ஏன் சுற்றுலாவுக்கு எடுத்துப்போனாய் என்று கேட்காதீர்கள், உங்கள் தங்கை கேட்டு முடித்துவிட்டாள். படகின் மூக்கில் பெரிய பெருக்கல் குறி போட்டு, ‘தகுதியற்றது, பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பிடும்போதுதான் உறைத்தது, இங்கே ஆள் ஏற்றும் படகு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மீன் பிடிக்கும் ஒற்றை ஆள் ஓடங்கள்.

சரி, துடைத்துவிடலாம் என்று துணியோடு போனேன். படகோட்டி குறுக்கே நிற்கிறார். அவர் நம் ஊரில் பதினொரு வருடம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவராம், அதனால்தான் நம் பேச்சும் தெரிகிறது. அங்கே ஒரு கட்டடத்தில் சிவப்புக் குறி போட்ட லிஃப்டை முதலாளி துடைத்துவிட்டு ஓட்டச் சொன்னாராம், அது மூன்று மாடி விழுந்ததில் இவருக்குக் கால் முறிந்தது, இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறார். போட்டவர் அழிக்கக் கூடாது, மேலதிகாரிதான் மறுபடி பார்த்து எழுதிக் கொடுக்கணும் என்று சட்டம் பேசுகிறார். சட்டம் சரிதான் மச்சான், நாமே போட்ட சட்டம்தானே. நான் ரிட்டயர் ஆனவன்ப்பா, என் கையெழுத்து செல்லாது என்று கெஞ்சிப் பார்த்தேன். “ரிட்டயர் ஆனா கண்ணு தெரியாமப் போயிடுமா சார்?” என்று கேட்டுவிட்டுப் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டார். முப்பத்தேழு வருட சர்வீசில் என் குறியை இவ்வளவு மதித்த மனுஷன் இவர் ஒருத்தர்தான், அழுவதா சிரிப்பதா தெரியலை.

இப்போது என் கவலை இதுதான். டாக்டர் சொன்ன தேதி இருபத்து நாலு. இன்றைக்குப் பதினொன்று. தலைப்பிரசவம், முன்னால் வந்தாலும் வரும். இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது, சுற்றுலாக்காரர்களின் அடுத்த குழு வேறு படகில் வர ஒரு மாசம் ஆகும். வியாழக்கிழமை வியாழக்கிழமை தபால்காரர் ஒருத்தர் ஓடத்தில் வருகிறார், இன்றைக்கும் வருவார், அதில் அவரும் பையும் போக இன்னும் ஓர் ஆள் ஒடுங்கி உட்காரலாம். நான் போறேன் என்று உங்கள் தங்கை துள்ளிக் குதித்தாள். ஒரு முழ அகலம்கூட இல்லை, அவருக்கு ஒரு கண்ணில் புரை வேற, என் உசுரு இருக்கிறவரைக்கும் அதில் ஏற விடமாட்டேன்னு சொல்லிட்டேன். நேத்திலேருந்து அவ பாடவே இல்லை.

ஆகவே நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும். உங்கள் பச்சை மையில், ‘படகு பயணத்துக்குத் தகுதியானது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்களும் ரிட்டயர் ஆகி ஆறு வருடம் ஆனதைப் படகோட்டியிடம் நான் சொல்லவில்லை. பார்க்காத படகுக்கு எப்படிச் சான்று தருவது என்று கேட்பீர்கள், தெரியும். எனக்காக ஒரே ஒரு பொய்.

உங்கள் முழங்காலும் அக்காவின் கண்ணும் நல்லபடியாக இருக்கட்டும். மகளிடம் அப்பா பயப்படவில்லை என்று சொல்லுங்கள்.

என்றும் உங்கள் பேச்சைத் தட்டாத,
தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பசை தேடுவதற்குள் உங்கள் தங்கை எடுத்துப் படித்துவிட்டாள். இது போய்ச் சேர எட்டு நாள், பதில் வர எட்டு நாள், அதற்குள் குழந்தையே பிறந்துவிடும் என்றாள். எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுதியிருந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். “நம்ம பொண்ணு பிறந்த அன்னைக்கு நீங்க ஏதோ துணிக்கடை லிஃப்டைப் பார்க்கப் போயிட்டீங்க. நான் வாசலையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன். இப்ப அவளும் பார்க்கணுமா?”

முப்பத்தோரு வருடத்தில் இதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை மச்சான். அவள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் ஓடத்தில் வைத்தேன்.

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வராது, உங்கள் தங்கையே கையில் கொடுப்பாள். தபால்காரர் துடுப்போடு காத்திருக்கிறார், அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள், பாட ஆரம்பித்துவிட்டாள். சான்றிதழுக்கு அவசரமில்லை, முதலில் அவளுக்குச் சாப்பாடு போடுங்கள். அந்த ஓடத்தை நான் சோதித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.