புளி மாஸ்டரின் குரோமோகிரானின்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் தன் குழம்பைத் தானே இவ்வளவு காதலித்த மனிதர், எங்கள் கேன்டீன் புளி மாஸ்டரைத் தவிர வேறு எவரும் இருக்க முடியாது. சூளகிரிப் பக்கத்திலிருக்கும் எங்கள் கம்பெனியில் மதியச் சாப்பாடு அவர் கையில்தான். பருப்பிலும் புளி, கூட்டிலும் புளி. பாயசத்தில் மட்டும் போடவில்லை, அது நாங்கள் செய்த புண்ணியம்.

சாப்பிடுகிறவன் எதிரில் கரண்டியோடு வந்து நிற்பார். "எப்பிடி?" என்று தமிழில் ஆரம்பித்து, "சென்னாகிதியா?" என்று கன்னடத்துக்குத் தாவி, "பாகுந்தா?" என்று தெலுங்கில் முடிப்பார். எந்த மொழியிலும் 'நன்றாக இல்லை' என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஆபரேட்டர் ஒருவன் சாப்பாட்டு மேசையில் ஏதோ மாத்திரையை வாயில் போட்டான். மாஸ்டர் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கிவிட்டார்.

"என் சோத்தத் தின்னுட்டு கேஸ் மாத்திரையா? எந்திரிடா!"

"மாஸ்டர், இது காய்ச்சலுக்கு..."

"காய்ச்சலுக்கு என் ரசம் இல்லையா?"

அப்படிப்பட்டவர் திடீரென்று மெலிய ஆரம்பித்தார். வயிற்றுவலி வேறு. நான்தான் பைக்கில் உட்காரவைத்து ஓசூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஏதேதோ சோதித்தார்கள். ரத்தத்தில் குரோமோகிரானின் என்று ஒன்று எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"அது எல்லார் உடம்புலயும் இருக்கிற புரதம்தான்," என்றார் டாக்டர். "ஹார்மோன் சுரக்கிற செல்லுங்க, அந்த ஹார்மோன உள்ளயே பொட்டலம் கட்டி வைக்க இது உதவும். ஆனா சில வகைக் கட்டி இருந்தாலும் இது ஏறும். கேஸ் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "நானா? என் சமையலச் சாப்புடறவனுக்கு கேஸ் எப்பிடிங்க சார் வரும்?"

"அப்ப பெங்களூர் போய் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. கட்டியான்னு பார்த்துடணும்."

வெளியே வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பயந்துவிட்டார் என்று தோளைத் தொட்டேன். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெனமும் காலைல ஒண்ணு போடறேம்பா."

"என்னத்த மாஸ்டர்?"

"கேஸ் மாத்திர. என் கொழம்பு எனக்கே ஒத்துக்கல. இங்க வாங்குனா தெரிஞ்சிடும்னு எங்க ஊரு மத்தூர்ல போயி வாங்கிட்டு வர்றேன்."

"அத உள்ளயே சொல்றதுக்கு என்ன?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியே! கட்டின்னாலும் பரவால்லப்பா, கேன்டீனுக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு கரண்டி புடிக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது, கண்ணீரும் வந்தது. குழம்பின் மானத்துக்காகச் சாகத் துணிந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். கையைப் பிடித்துத் திரும்பவும் உள்ளே இழுத்துப் போனேன். தலை நிமிராமல், தரையைப் பார்த்தபடியே டாக்டரிடம் ஒப்புக்கொண்டார்.

"அட, இதுதானா!" என்றார் டாக்டர். "மாத்திரை அமிலத்த அடக்குது. அமிலம் பத்தலைன்னு வயிறு அந்த செல்லுங்கள ஓவர்டைம் பாக்க வைக்குது. அதனாலயே இது ஏறியிருக்கலாம். மாத்திரைய நிறுத்திட்டுத் திரும்பப் பாப்போம்."

அவர் சொன்னபடி நிறுத்திப் பார்த்ததில் குரோமோகிரானின் இறங்கி, இருக்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது. வலிக்குக் காரணம் சாதாரண வயிற்றுப்புண். நான் வாயே திறக்கவில்லை. ஆனால் மாஸ்டரின் சம்சாரம் சந்தோஷம் தாங்காமல் கேன்டீன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "கட்டியெல்லாம் இல்லீங்க, கேஸ் மாத்திரதான்!" என்று சொல்லிவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மாஸ்டர் வெளியே தலைகாட்டவே இல்லை. உள்ளே போனேன். கிரைண்டருக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சிரிக்கறாங்களா?"

"ஆமா மாஸ்டர்."

"இனிமே எவம்பா என் கொழம்பத் தின்னுவான்?"

"கொழம்பு கெடக்குது மாஸ்டர். நீங்க இருந்தாப் போதும்."

தன் குழம்பை இவ்வளவு துச்சமாகப் பேசியவனை அவர் கட்டிப்பிடித்து அழுதது, வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.